சாம்பலும் எச்சிலும்

"எங்கட ஆக்கள்தான் இஞ்ச முதல் வந்தவை."

வெள்ளவத்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில், போன கிழமை எங்கள் மேசையில் தொடங்கிய கதை இதில்தான் போய் முடிந்தது. எப்பவும் இதில்தான் முடியும். அவர்களிடம் விஜயன் வந்த கப்பல் இருக்கிறது. எங்களிடம் அதுக்கும் முந்தின தாழிகள் இருக்கின்றன. ஆளுக்கொரு திகதி, ஆளுக்கொரு குரல்.

நான் பேசாமல் இருந்தேன். அந்தக் கிழமை முழுக்க கம்பஸ் வேலைக்காகக் குகை ஓவியங்கள் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு குகைச் சுவரில் யாரோ கையை விரித்து வைத்து, அதைச் சுற்றிச் சாயத்தை ஊதியிருக்கிறார்கள். கையை எடுத்ததும் அது இருந்த இடம் மட்டும் சாயம் படாமல் நிற்கிறது. மேலே படிந்திருந்த சுண்ணப் படிவின் யுரேனியத்தை அளந்து, அந்தக் கைத்தடம் குறைந்தது 39,900 வருடம் பழையது என்று 2014இல் அறிவித்தார்கள். ஐந்து விரல் தெரிகிறது. அந்த ஆள் என்ன மொழி பேசினார் என்று அதில் இல்லை.

எங்கள் தீவிலும் குகை ஓவியங்கள் இருக்கின்றன. அநுராதபுர மாவட்டத்தில் தந்திரிமலைக்குப் போனால் பார்க்கலாம். கிழக்குப் பக்கக் காடுகளிலும் இருக்கின்றன. மனிதர், மிருகங்கள் எல்லாம் சின்னப்பிள்ளை கீறின மாதிரி எளிமையான கோடுகளில். இவற்றில் கொஞ்சமாவது யார் வரைந்தது என்று எங்களுக்குத் தெரியும். 1911இல் செலிக்மன் தம்பதி வேடர்கள் பற்றி எழுதிய புத்தகத்தில் இது பதிவாகியிருக்கிறது: வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பி வரும்வரை, குகையில் இருந்த பெண்கள் சாம்பலை எச்சிலில் குழைத்து விரலால் வரைந்தார்கள்.

இதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிற ஆட்கள் இருக்கினம். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. போன ஆள் திரும்பி வருமா என்று தெரியாமல் பார்த்திருக்கிற பெண், கைக்கு எட்டின சாம்பலை எடுத்துச் சுவரில் ஒரு யானையை வைக்கிறாள். காத்திருத்தல் என்றால் என்னவென்று எங்கள் வீடுகளில் விளக்கத் தேவையில்லை. அந்தக் கோடுகளில் "இது என்ர இடம்" என்று எழுதியிருக்கவில்லை. "நான் இருந்தனான்" என்பது மட்டும் தெரிகிறது.

ஆனால் அந்தப் பெண்ணின் பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் "ஆர் முதல்" பட்டியலில் இடமே இல்லை. களுத்துறை மாவட்டத்தில் இருக்கிற பாஹியன் குகையில் 48,000 வருடத்துக்கு முன்னரே ஆட்கள் எலும்பில் அம்புமுனை செய்திருக்கிறார்கள் என்று 2020இல் ஆய்வு வந்தது. விஜயனும் தாழியும் அதுக்கு முன்னால் நேற்று நடந்த கதை. 2012 குடிசன மதிப்பீட்டின் இன அட்டவணையைப் பாருங்கள். எங்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிற செட்டிகளுக்கும் பரதருக்கும் தனி வரிசை இருக்கு, நல்ல விசயம். வேடருக்கு இல்லை. அவர்கள் "ஏனையோர்".

இதைச் சொன்னதும் மேசையில் ஒரு நண்பன் சொன்னான்: "வாகரைப் பக்கம் இருக்கிற வேடர் தமிழ்தானே கதைக்கினம்? அப்ப அவையும் தமிழர்தான்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். எனக்குக் குத்தினது அதுதான். வாகரை, மூதூர்ப் பக்கங்களில் கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறார்கள், உண்மை. உள்நாட்டில் இருக்கிற வேடர்களில் பலர் சிங்களம் பேசுகிறார்கள். அதை வைத்து மற்றப் பக்கம், "அவர்கள் எங்கட ஆக்கள்" என்கிறது. நீர்கொழும்பில், சிலாபத்தில் தமிழ்க் குடும்பங்கள் மெல்ல மெல்லச் சிங்களமாகின கதையை நாங்கள் எவ்வளவு வேதனையோடு சொல்லுவம்! வாகரையில் அதே கதையில் நாங்கள் மறுபக்கம் நிற்கிறம். மொழியைக் குடுத்தம், பேரை எடுத்தம். எண்ணிக்கை தேவைப்படும்போது "தமிழர்", கோபம் வந்தால் "வேடன் மாதிரி இருக்கிறான்".

நாங்கள் முதல் வந்தோமா இல்லையா என்பதில்தான் எங்கள் உரிமை தங்கியிருக்கிறது என்று நான் நம்பவில்லை. இங்கே வாழ்கிறோம், அது போதும். போதாது என்று யாராவது சொன்னால், அந்தச் சண்டையைச் சமத்துவம் கேட்டுப் பிடிப்பம், திகதி காட்டி வேண்டாம். திகதிதான் கணக்கென்றால் வெள்ளவத்தையும் இல்லை, அநுராதபுரமும் இல்லை. ரெண்டு பகுதியும் எழும்பி வேடருக்கு இடம் விடவேண்டி வரும்.

அடுத்த முறை மேசையில் அந்தக் கதை தொடங்கினால் நான் கேட்கப்போவது இதைத்தான்: உங்களில் ஆர் வாகரைக்குப் போய், அங்க இருக்கிற ஒரு வேட அம்மம்மாவிட்ட, "நீங்கள் உங்களை என்னெண்டு சொல்லுவியள்?" என்று கேட்டிருக்கிறியள்?

நானும் கேட்கவில்லை. ஏப்ரல் லீவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். வாறதெண்டால் சொல்லுங்கோ.