அடுப்படிக்கு லீவு

வீட்டில் கணவருக்கு ஜுரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? கட்டிலை ஜன்னல் ஓரமாகத் தள்ளிப் போடுவீர்கள். மிளகு ரசம் வைத்து, சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுப்பீர்கள். "ஆபீஸ் எங்கும் ஓடிப் போய்விடாது, படுங்கள்" என்று அதட்டுவீர்கள். குழந்தைக்கு ஜுரம் என்றால் கேட்கவே வேண்டாம். ராத்திரி முழுவதும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பீர்கள்.

சரி, அதே ஜுரம் உங்களுக்கு வந்தால்?

ஏன் பதிலைக் காணோம்? எனக்குத் தெரியும். ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, அடுப்பைப் பற்ற வைப்பீர்கள். யாராவது கேட்டால், "ஒன்றுமில்லை, தூக்கம் போதவில்லை" என்பீர்கள். சகோதரி, உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. இந்த விஷயத்தில் முதல் குற்றவாளி நானேதான்.

2021-ஆம் வருஷம் மே மாதம். கொரோனாவின் இரண்டாவது அலை. 10-ஆம் தேதி முதல் தமிழ்நாடு முழுவதும் ஊரடங்கு. எங்கள் மாம்பலம் வீட்டில் நாங்கள் நான்கு பேர்: நான், என் கணவர், ஏழு வயதுப் பெண், எழுபது வயது மாமியார். மாமியாருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. தடுப்பூசியும் ஒரு தவணைதான் ஆகியிருந்தது. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ஓடிப் போய் ஜன்னலைச் சாத்துவோம். சாத்திவிட்டால் சத்தம் கேட்காதா என்ன?

அந்த நாட்களில் ஒரு காலையில் எனக்கு உடம்பு கணகணவென்று இருந்தது. தொண்டையில் கரகரப்பு. வீட்டில் சொன்னேனா? இல்லை. சொன்னால் யார் சமைப்பது? பெண்ணுக்குத் தலை பின்னுவது யார்? அத்தைக்கு வேளா வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார்? இந்த மூன்று கேள்விக்கும் உலகத்தில் ஒரே பதில் நான்தான் என்று எனக்கு எண்ணம். இரண்டு நாள் ஜுரத்தோடு சமைத்தேன், பரிமாறினேன். அத்தைக்குத் தலைகூட வாரிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கிக் கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அத்தையின் குரல்: "பால் தீயுதே! அடுப்படியிலே நீ இல்லையா?" திரும்பிப் பார்த்தால், பாத்திரத்தின் அடி கறுத்துப் புகைந்து கொண்டிருக்கிறது. ஒரு முழ தூரத்தில் நின்ற என் மூக்குக்கு அது தெரியவே இல்லை!

அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, "எத்தனை நாளா?" என்றார்.

"இரண்டு நாளா, அத்தை."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு பழைய கதையைச் சொன்னார்.

1957-ஆம் வருஷம் மே மாதம், சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலோடு ஆசிய ஃப்ளூ சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. அங்கிருந்து நாடு முழுவதும் பரவியது. அத்தைக்கு அப்போது ஆறு வயது. வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனம்.

"முதல்லே வந்தது எங்கம்மாவுக்குத்தான். யார்கிட்டேயும் சொல்லலே. நாலு நாள் ஜுரத்தோட, எல்லாருக்கும் சோறு பிசைஞ்சு உருட்டிக் கையிலே போட்டாங்க. அஞ்சாம் நாள் வீடே பாயிலே படுத்துடுச்சு. எங்க தாத்தா அதுக்கப்புறம் எழுந்திருக்கவே இல்லே. 'என் கையாலேதானே கொடுத்தேன்'னு எங்கம்மா சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அந்தப் பேச்சை நீ பேச வேண்டாம். கத்தியைக் கீழே வை. உள் அறைக்குப் போ."

மாமியார் உத்தரவு போட்டு அடுப்படியை விட்டு வெளியேறிய மருமகள் மாம்பலத்திலேயே நான் ஒருத்திதானோ என்னவோ!

அறைக்குள் போனதும் செய்த முதல் வேலை, ஜன்னலை விரியத் திறந்ததுதான். இந்த மாதிரி வியாதி, மூச்சிலும் பேச்சிலும் இருமலிலும் கலந்து காற்றில் மிதந்து வருகிறது. அடைத்த அறையில் அது தேங்கும். காற்று ஓடுகிற இடத்தில் கலைந்து போகும். ஆகையால் ஏ.ஸி.க்கு ஓய்வு, ஜன்னலுக்கு வேலை. கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல். சாப்பாட்டை வைத்துவிட்டு என் கணவர் குரல் கொடுப்பார். அவர் நகர்ந்த பிறகு, நான் மாஸ்க் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து எடுத்துக்கொள்வேன். என் தட்டு, டம்ளர் தனி. எங்கள் வீட்டில் குளியலறை ஒன்றுதான். எல்லோரும் முடித்த பிறகு கடைசியாக நான் போவேன்; வந்த பிறகும் வெகு நேரம் அதன் ஜன்னல் திறந்தே இருக்கும்.

"எங்கள் வீடே ஓர் அறைதானே, நாங்கள் எங்கே போவது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நோயாளியை ஜன்னல் பக்கமும், வயதானவர்களை வாசல் பக்கமும் படுக்க வையுங்கள். நடுவில் எவ்வளவு இடம் விட முடியுமோ அவ்வளவு விடுங்கள். எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பணிவிடை செய்பவர் ஒருவராகவே இருக்கட்டும். வீட்டில் திடமாக இருப்பவர் யாரோ, அவர். வழியில் போகிற எல்லோரும் "எப்படி இருக்கு?" என்று எட்டிப் பார்க்கும் அன்பை மட்டும் பத்து நாள் ஒத்தி வையுங்கள்.

பரிசோதனையில் கொரோனாதான் என்று தெரிந்தது. அப்போதைய விதிப்படி பத்து நாள் தனிமை. முதல் நாள் தூங்கினேன். இரண்டாம் நாள் சுவரைப் பார்த்து அழுதேன். "இவள் இப்படியே கிடந்தால் ஜுரத்தைவிட யோசனையே இவளைத் தின்றுவிடும்" என்று அத்தை கண்டுகொண்டார். மூன்றாம் நாள் கதவடியில் ஒரு காகிதம் வந்தது. என் தினசரி அட்டவணை!

காலையில் முகம் கழுவி, தலை வாரி, வேறு புடவை மாற்றிக்கொள்ள வேண்டும். நாலு வேளை ஜுரமும் ஆக்ஸிஜன் அளவும் பார்த்துக் காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுத வேண்டும். டெலிபோனில் செய்தி பார்ப்பது ஒரே ஒரு வேளை. சாயங்காலம் நாலு மணிக்கு, மூடிய கதவுக்கு அப்பால் நடையின் கோடியில் அத்தை நாற்காலி போட்டுக்கொண்டு ஒரு விடுகதை போடுவார். விடை மறுநாள் சொன்னால் போதும். என் பெண் தினம் ஒரு படம் வரைந்து கதவடியில் தள்ளுவாள். அவள் வரைந்த யானைக்கும் என் கணவருக்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஏழு மணிக்குத் திருச்சியிலிருக்கும் என் அம்மாவோடு பேச்சு.

பதினோரு மணிக்குத்தான் பெரிய தமாஷ். கதவுக்கு வெளியே கணவரின் குரல்:

"ரசத்துக்குப் புளி எவ்வளவு?"

"ஒரு நெல்லிக்காய் அளவு."

சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "வீட்டிலே நெல்லிக்காயே இல்லையே, அளவு எப்படிப் பார்ப்பது?"

அந்த ரசத்தைச் சாப்பிட்டேன். பிரமாதம் என்றேன். வாசனையும் ருசியும் தெரியாதபடி எனக்கு வியாதி வந்தது, எங்கள் இருவருக்குமே கடவுள் செய்த சகாயம்!

சிரிப்பாகவே போய்விடவில்லை. ஆறாம் நாள் ராத்திரி ஆக்ஸிமீட்டர் 93 என்று காட்டியது. 94-க்குக் கீழே போனால் ஆபத்து என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கதவைத் தட்டிக் கணவரை எழுப்பினேன். அவர் வெளியே நின்றபடியே டாக்டருக்கு டெலிபோன் செய்தார். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, மறுபடி பார்க்கச் சொன்னார் டாக்டர். விரல் ஜில்லென்றுதான் இருந்தது. அதோடு, ஊரடங்கில் பொழுது போகாமல் என் பெண் பூசிவிட்ட நகப்பூச்சு வேறு! அதைத் துடைத்து, விரலைத் தேய்த்துப் பார்த்தேன்: 96. குப்புறப் படுத்துக்கொள்ளச் சொன்னார். மறுபடி 94-க்குக் கீழே இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றார். இறங்கவில்லை. அன்றிரவு என் கணவர் கதவுக்கு வெளியே பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். அவர் இருமினால்கூட எனக்குத் தைரியமாக இருந்தது.

அடுத்த வீட்டார் சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். அது டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. ஆவி பிடித்தால் மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும். ஆனால் கிருமி சாகாது. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்து போன குழந்தைகள் உண்டு. மனம் தாங்க முடியாமல் கனத்தால், 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். அரசாங்கம் 2022-இல் ஏற்படுத்தியது. ஆம்புலன்ஸுக்கு 108.

அத்தைக்கு வியாதி வரவில்லை. அதை என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. நான் இரண்டு நாள் மறைத்தும் அவர் தப்பியது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம் இல்லாத வீடு எங்கள் தெருவிலேயே இருந்தது. அந்த வீட்டு அம்மாளைப் பார்க்கும்போதெல்லாம், வண்ணாரப்பேட்டையில் அத்தையின் அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்த அந்த ஒரு வாக்கியம் எனக்கு ஞாபகம் வருகிறது.

கொரோனா அவசர நிலை முடிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி அறிவித்தது. கிருமி போய்விடவில்லை. மழைக்காலம் வந்தால் ஃப்ளூவும் கூடவே வருகிறது. ஆகையால் ஒரு யோசனை. ஜுரம் வரும்வரை காத்திராமல், வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஓர் ஒத்திகை பாருங்கள். துவரம் பருப்பு எந்த டப்பாவில், மாமனாரின் மாத்திரை எந்த வேளைக்கு எது, டாக்டரின் டெலிபோன் எண் என்ன என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டுங்கள். பிறகு நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தொடர்கதை படியுங்கள். வீடு இடிந்து விழாது. பிறகு நிஜமாகவே ஜுரம் வந்தால், "எனக்கு உடம்பு சரியில்லை" என்ற மூன்று வார்த்தை உங்கள் வாயில் சுலபமாக வரும்.

எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ரசம் இப்போதும் என் கணவர்தான். அதில் ஒரே ஒரு சங்கடம். எனக்கு ருசி திரும்பி வந்துவிட்டது. ஆனால் அன்றைக்குப் பிரமாதம் என்று சொன்னதை வாபஸ் வாங்கத்தான் வழி தெரியவில்லை!