தென்திருவிதாங்கூரின் சர்க்கரை

கடலோர ஊரான இராஜாக்கமங்கலத்தில் யாரைக் கேட்டாலும் சுகர் ஒன்றுதான். சிலருக்கு மாத்திரை, சிலருக்கு ஊசி. ஊசி என்றால் முற்றிவிட்டது என்று கணக்கு. ஆனால் சர்க்கரை நோய் ஒன்றல்ல என்று உலகத்துக்குக் காட்டிய சான்றுகளில் முக்கியமான சில, நாம் முன்பு சேர்ந்திருந்த சீமையிலிருந்தே போயின.

இந்தக் கடலோரம் முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆளுகையில் 1956 நவம்பர் 1 வரை இருந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனிப் பயிரைப் பரப்பினார். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஏழை வீடுகளில் உலை கொதித்தது மரச்சீனியால்தான். சாளைக்கறி கிடைத்த வீட்டில் அது நல்ல சாப்பாடு. கிடைக்காத வீட்டில் வெறும் மாவு.

1960களில் டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் கேரளத்தில் கண்ட நோயாளிகள் ஒரே சாயலில் இருந்தார்கள். சிறு வயதில் முதுகுவரை பாயும் வயிற்றுவலி, எண்ணெய் மிதக்கும் மலம், எலும்பும் தோலுமான உடம்பு, வாலிபத்திலேயே சர்க்கரை. குடிப்பழக்கம் கிடையாது. எக்ஸ்ரே எடுத்தால் கணையத்தில் கற்கள். 1959இல் இந்தோனேசியாவிலிருந்து சாய்டெமா என்ற மருத்துவரும் இதையே எழுதியிருந்தார்.

பாடநூல்கள் அப்போது அறிந்திருந்தது பெரும்பாலும் இரண்டு வகை. 1936இல் ஹிம்ஸ்வொர்த் லண்டனில் பிரித்துக் காட்டியவை. முதல் வகை பெரும்பாலும் பிள்ளைகளைச் சில வாரங்களில் உருக்கிவிடும்: ஓயாத தாகம், நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது, பிறகு வாந்தி, மூச்சிரைப்பு. அஜீரணம் என்று கஷாயம் கொடுத்துக் காத்திருந்தால் பிள்ளை போய்விடும். இரண்டாம் வகை பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்து, ஆறாத கால்புண்ணிலோ மங்கும் கண்ணிலோ வெளிப்படும். கீவர்கீஸின் நோயாளிகள் இரண்டிலும் அடங்கவில்லை. பலருக்கு இன்சுலின் வேண்டும். ஆனால் அது தடைப்பட்டால் முதல் வகைபோல ரத்தம் அமிலமாகி மயங்கி விழுவது அபூர்வம்.

பழி மரச்சீனிமேல் விழுந்தது. கிழங்கிலுள்ள சயனைடும் புரதக் குறைவும் சேர்ந்து கணையத்தைக் கெடுத்திருக்கலாம் என்று 1979இல் மெக்மில்லன் என்ற ஆய்வாளரும் கீவர்கீஸும் எழுதினார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மரச்சீனியே உண்ணாத ஊர்களிலும் இந்நோய் தென்பட்டது. 2002 வாக்கில் ஸ்பிங்க்1 என்னும் மரபணுவின் மாற்றம் இந்திய நோயாளிகள் பலரிடம் காணப்பட்டது. பஞ்சத்தில் சோறு போட்ட கிழங்கைக் குற்றவாளியாக்கப் போதிய சாட்சி இல்லை.

1985இல் உலக சுகாதார நிறுவனம் ஊட்டக்குறைவு நீரிழிவு என்று தனிப் பிரிவே வைத்து, அதில் கல் உள்ளது, கல் இல்லாதது என இரு கிளை காட்டியது. 1999இல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. கல் உள்ளது கணைய நோய்களின் பட்டியலுக்குப் போயிற்று. மற்றதற்கு இடமே இல்லை. மெலிந்த ஏழை நோயாளி முதல் வகையிலோ இரண்டாம் வகையிலோ தள்ளப்பட்டார். வேலூர் சி.எம்.சி.யின் நிஹால் தாமஸ் உள்ளிட்டோர் 2022இல் வெளியிட்ட ஆய்வு, இவர்களுக்கு இன்சுலின் சுரப்பதுதான் குறைவு, உடம்பு அதை எதிர்ப்பதில்லை என்றது. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இந்த ஊட்டக்குறைவு நீரிழிவை ஐந்தாம் வகை என அங்கீகரித்தது. சர்ச்சை ஓயவில்லை, ஆனாலும் நீக்கியதைவிட இது நேர்மையான செயல் என்பேன்.

பெயர் மாறினால் மருந்தளவும் மாறும். ஐந்தாம் வகைக்காரருக்கு முதல் வகைக்கான அளவில் இன்சுலின் ஏற்றினால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடக்கூடும். மெலிவை மட்டும் வைத்தும் முடிவுகட்ட முடியாது, நம் நாட்டில் இரண்டாம் வகைக்காரர்களிலும் ஒல்லியானவர்கள் நிறைய. அதனால் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கோ திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கோ போகிற இளைஞர், சிறு வயதில் வந்துபோன வயிற்றுவலியையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கணையத்தில் கல் தெரிந்தால் ஊசி மட்டும் போதாது. சாப்பாட்டோடு செரிமான நொதி மாத்திரையும் தேவைப்படும், இல்லையேல் தின்பது உடம்பில் ஒட்டாது. ஆண்டுகள் கழித்து வலி கூடி எடை திடீரென்று சரிந்தால் கணையப் புற்றுநோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவர்களுக்கு அதன் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.