விலகத் தெரிந்த அமைச்சர்



தேர்தல் வந்தால் வேட்பாளரின் சாதி, பணபலம், பேச்சுத் திறன் என எல்லாவற்றையும் அலசுகிறோம். ஆள் எப்படிப்பட்டவர் என்று மட்டும் விசாரிப்பதில்லை.

அதை ஏன் விசாரிக்க வேண்டும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம். பாலம் சேதமடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பாலம் கட்டியவருமல்லர், வண்டி ஓட்டியவருமல்லர். ஆனாலும் பதவி விலகினார். அதே ஆண்டு முன்னதாக நடந்த மகபூப்நகர் ரயில் விபத்தின்போதும் விலக முன்வந்தார். அப்போது பிரதமர் நேரு ஏற்கவில்லை. பிரதமரான பிறகும் கார் வாங்க வங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கியவர் அவர். 1966இல் அவர் மறைந்த பின், பாக்கியை மனைவி லலிதா அடைத்தார்.

இன்று விபத்து என்றால் விசாரணைக் குழு, நிவாரணத் தொகை, கீழ்நிலை ஊழியர் இடைநீக்கம். அத்தோடு சரி. அமைச்சர் விலகினால் போன உயிர் திரும்புமா என்கிறார்கள். திரும்பாதுதான். ஆனால், மேலே இருப்பவர் பொறுப்பேற்றால்தான் கீழே இருப்பவருக்கும் பயம் வரும்.

அப்படிப் பொறுப்பேற்பவரைத் தேர்ந்தெடுப்பது நம் கையில்தான் இருக்கிறது. வேட்பாளர்களின் சொத்து, வழக்கு விவரங்கள் தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே கிடைக்கின்றன. வாக்களிக்கும் முன் அவற்றையாவது படிப்போம்.

- ஒரு வாசகர், அரியலூர்