கிரிப்டோஸிடம் கேட்கப்படும் கேள்வி

பெங்களூரின் கிரிப்டோஸ் குழு தொடங்கியது 1998 இல். அதன் ஏழாவது இசைத்தொகுப்பான ‘டெசிமேட்டர்’ 2024 ஜூலையில் ஜெர்மனியின் ஏ.எஃப்.எம். நிறுவனம் வழியாக வெளிவந்திருக்கிறது. ஆங்கிலப் பாடல்கள், இரட்டைக் கிட்டார், 1980களின் ஹெவி மெட்டல் மரபு. சிதாரோ தபலாவோ கிடையாது. ஆகவே, இந்திய மெட்டல் குழுக்களைப் பற்றிய பேச்சில் தவறாமல் எழும் கேள்வி இதற்கும் காத்திருக்கிறது: இதில் இந்தியா எங்கே?

தில்லியின் பிளடிவுட் குழு டோலையும் புல்லாங்குழலையும் மெட்டலோடு இணைத்து உலக மேடைகளை அடைந்த பிறகு இக்கேள்வி இன்னும் உரத்துவிட்டது. பிளடிவுட் செய்வது நல்ல இசை; அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு குழுவின் விருப்பத்தைப் பிற குழுக்களின் கடமையாக்குவது நேர்மையன்று. பர்மிங்ஹாமிலிருந்து வரும் குழுவிடம் நாட்டுப்புற இசை எங்கே என்று எவரும் கேட்பதில்லை. கருநாடக இசையின் வயலினும் பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் ஐரோப்பியரிடமிருந்து வந்ததுதான். இன்று சபாவில் அமர்ந்திருப்போர் அதனை அயல்கருவி என்று எண்ணுவதில்லை. இருநூறு ஆண்டுப் பழக்கம் அதனை நம்முடையதாக்கிவிட்டது.

மொழியைப் பொறுத்தவரை வாதம் அவ்வளவு எளிதன்று. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் தெலுங்கில் பாடினார்; தமிழர் அப்பாடல்களைத் தமதாக்கிக்கொண்டனர். எனினும் 1940களில் தமிழிசை இயக்கம் தமிழ்ப் பாடல்களுக்கும் மேடை கேட்டது, கேட்டது நியாயமே. பெயர்ப்பலகைகளில் 60 விழுக்காடு கன்னடம் வேண்டுமென 2024 இல் சட்டத்தைத் திருத்திய மாநிலத்தின் தலைநகரில், ‘கன்னடத்தில் ஏன் பாடவில்லை?’ என்று ஒரு கன்னடர் கேட்டால் அதற்குச் செவிகொடுக்கத்தான் வேண்டும். அது இசையைத் தம் மொழியில் கேட்க விரும்புபவரின் குரல். ‘இந்தியா எங்கே?’ என்பது அத்தகைய குரலன்று. அது தேடுவது பொருட்காட்சியில் வைக்கத்தக்க ஓர் அடையாளத்தை.

தொகுப்பைப் பொறுமையாகக் கேட்டால் வேறொன்று புலப்படும். ‘சைரன்ஸ் ஆஃப் ஸ்டீல்’ போன்ற பாடல்களின் கிட்டார் வாசிப்பு ஜூடாஸ் பிரீஸ்ட், ஆக்செப்ட் ஆகிய குழுக்களின் வழிவந்தது. ஆனால் அம்மரபில் எதிர்பார்க்கப்படும் உச்சஸ்தாயிக் குரல் இங்கில்லை. நோலன் லூயிஸ் கரகரத்த தொண்டையில், பிற்கால மெட்டல் வகைகளுக்குரிய முறையில் பாடுகிறார். இலக்கணம் பழையது, ஒலிப்பு புதியது. தமிழகப் பேச்சில் வழக்கொழிந்த ‘உவன்’ யாழ்ப்பாணத்தில் இன்றும் புழங்குகிறது. அதற்காக யாழ்ப்பாணத் தமிழை எவரும் பழந்தமிழின் நகல் என்பதில்லை (தமிழ்த் திரைப்படங்களில் அது படும் பாடு தனிக்கதை). கிரிப்டோஸின் மெட்டலும் அத்தகைய ஒரு வட்டார வழக்கு. 2007 இல் அயர்ன் மெய்டன் பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தபோது இக்குழுவுக்கு ஒன்பது வயது ஆகியிருந்தது. வெளிநாட்டுக் குழு ஒன்று வந்து இந்நகரில் விதைத்துவிட்டுப் போன பயிரன்று இது.

குறை சொல்ல வேண்டுமானால் அது வரிகளில்தான் இருக்கிறது. எஃகு, இரவு, வாள், வெப்பம் என்று பாடல்களின் தலைப்புகளே ஒரு குறுகிய சொற்பட்டியலுக்குள் அடங்கிவிடுகின்றன. இம்மரபின் கிளவிகள் இவையே என்று சமாதானம் கூறலாம். மரபுத்தொடர்களைத் திரும்பத் திரும்ப ஆள்வது நம் பழம்பாடல்களுக்கும் புதிதன்று. ஆயினும் பழைய கிட்டார் மரபுக்குள் ஒரு புதுக் குரலைப் பொருத்தத் துணிந்தவர்கள் சொல்லில் அந்தத் துணிவைக் காட்டவில்லை. இறுதிப் பாடலான ‘வீ ஆர் த நைட்’ முடியும்போது நினைவில் நிற்பது அதன் மெட்டு மட்டுமே.