எங்கிருந்தும் வேலை செய்யலாம், எங்கே தங்குவது?

'எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம்' என்கின்றன ஐடி வேலை விளம்பரங்கள். ஒரு மாதம் கோவா, ஒரு மாதம் கொடைக்கானல், லேப்டாப்தான் அலுவலகம். 2020 ஊரடங்குக்குப் பின் பரவிய இந்த வாழ்க்கையைச் சுதந்திரம் என்று கொண்டாடுகிறோம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: போகிற ஊரில் நமக்கு ஒரு வீட்டுக் கதவு திறக்க வேண்டும்.

கம்பெனி இணைய வேகத்தை மட்டும்தான் கேட்கிறது. வீட்டு உரிமையாளர் கேட்பது வேறு. 'நீங்க வெஜ்ஜா?', 'சொந்த ஊர் எது?', 'ஊர்ல எந்தத் தெரு?' மூன்றே கேள்விகளில் சாதி தெரிந்துவிடும். 'வேற ஆளுக்குச் சொல்லிட்டோம் தம்பி' என்று பேச்சு முடியும். ஊர் ஊராக மாறுகிறவர் இந்த விசாரணையை மாதந்தோறும் சந்திக்க வேண்டும்.

இது புதிதல்ல. 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கர், பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை இருந்தது, தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கியவரை, சில நாட்களில் தடியோடு வந்த கும்பல் வெளியேற்றியது. வேலையை விட்டு பம்பாய் திரும்பினார். பட்டம் வேலையை வாங்கித் தந்தது, சாவியை வாங்கித் தரவில்லை.

சரி, பயணம் வேண்டாம், சொந்த ஊரிலேயே இருந்து வேலை பார்க்கலாமே என்பார்கள். சென்னை–அரக்கோணம் தடத்தில் இருக்கும் திருவாலங்காட்டுக்காரருக்கு, தினசரி ரயில் நெரிசல் மிச்சம்தான். ஆனால் நகரம் ஒடுக்கப்பட்டவருக்குக் கொடுப்பது சம்பளம் மட்டுமல்ல, தெருப்பெயர் தெரியாமல் நடமாடும் வாய்ப்பும்கூட. ஊருக்குத் திரும்பினால் ஊர்–சேரிக் கோடு அப்படியே காத்திருக்கிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் போற்ற மறுத்தது இதனால்தான். 'வீட்டிலிருந்து வேலை' என்பது எல்லோருக்கும் ஒரே வீடு அல்ல.

இதே மாவட்டத்தில் லேப்டாப்புக்கு வெளியே இருப்பவர்களையும் பார்க்க வேண்டும். திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுபவரும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்ப்பவரும் எங்கிருந்தும் வேலை செய்ய முடியாது. செங்கல் சூளைகளில் முன்பணம் வாங்கிய இருளர் குடும்பங்கள் சூளையை விட்டு நகரவே முடியாமல் கிடந்திருக்கின்றன. 2011இல் திருவள்ளூர் மாவட்டச் சூளை ஒன்றிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த 500க்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் மீட்கப்பட்டார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976இல்! யார் நகரலாம், யார் நகரக் கூடாது என்பதைத் தீர்மானிப்பதே சாதியின் வேலை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 4ஆம் பிரிவில், தீண்டாமையின் பேரால் எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. 'வெஜ் மட்டும்' என்ற பலகை அந்தச் சட்டத்துக்குச் சிக்காமல் நழுவும் தந்திரம்.

எனவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். 'எங்கிருந்தும்' என்று சொல்லும் நிறுவனம், ஊழியருக்கு வீடு மறுக்கப்பட்டால் பக்கத்தில் நிற்க வேண்டும். வீடு காட்டும் செயலிகள் உணவை வைத்து வாடகைதாரரை வடிகட்டும் விளம்பரங்களை நீக்க வேண்டும். வாடகைச் சட்டத்தில் சாதிப் பாகுபாட்டுக்கு வெளிப்படையான தண்டனை வேண்டும். ஐடி தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்து வீட்டையும் பேச வேண்டும். அதுவரை 'எங்கிருந்தும் வேலை' என்பது சிலருக்கு மட்டுமான சலுகை.