தோல் பதனிடுதலுக்குக் கட்டுப்பாட்டு வரைபடம் பொருந்தாதா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத் தோல் தொழிலில் அடிக்கடி எழும் வாதம் இது: தோல் இயற்கைப் பொருள், ஒன்றைப் போல் இன்னொன்று இராது, எனவே புள்ளியியல் கட்டுப்பாட்டு வரைபடம் இங்கே எடுபடாது, கடைசியில் தரம் பிரித்தால் போதும்.

வாதத்தின் முதல் பாதி உண்மை, முடிவு தவறு. 1924-ல் வால்டர் ஷூவார்ட் வகுத்த வரைபடம் மாறுபாட்டை ஏற்றுக்கொண்டே தொடங்குகிறது. சராசரிக்கு மேலும் கீழும் மூன்று திட்ட விலக்கத் தொலைவில் அமையும் எல்லைகள், அந்தச் செயல்முறையின் சொந்த அளவீடுகளிலிருந்தே கிடைக்கின்றன. ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் ஒரே படத்தில் கலக்காமல் இருந்தால் போதும்.

கடைசிச் சோதனை போதும் என்பது இன்னும் பலவீனமான வாதம். தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்ற ஐரோப்பிய விதி 2015 மே 1 முதல் நடப்பில் உள்ளது. அந்தக் குரோமியம் கண்ணுக்குத் தெரியாது. நடுநிலையாக்கத்தில் பி.எச். ஏறுவது, தோலை மென்மையாக்கும் ஃபேட்லிக்கரில் சேரும் மீன் எண்ணெய், பிந்தைய வெப்பம் என அதற்கான காரணங்கள் பல கட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன.

கட்டத்துக்கு ஒரு வரைபடம் போட்டால் தீர்ந்தது என்பாரும் உண்டு. அதுவும் அரைகுறைதான். குரோமுக்கு முந்தைய அமிலக் குளியலான பிக்கிளில் அமிலம் தோலின் நடுவரை இறங்காவிட்டால் குரோம் மேற்பரப்பிலேயே பிடித்துக்கொள்ளும். வெட்டிப் பார்த்தால் நடுவில் வெளிறிய கோடு தெரியும். ஈரத் தோல் சூட்டில் சுருங்கத் தொடங்கும் சுருங்கு வெப்பநிலையும் குறையும். குரோம் டிரம்மின் வரைபடம் எச்சரிக்கும். பழி குரோம் கட்டத்தின் மேல் விழும். உண்மையான குற்றவாளி முந்தைய கட்டம். இதைப் பிரித்துக் காட்டவே சீனப் புள்ளியியலாளர் ஜாங் கோங்ஷூ 1980-களில் காரணம் தேர்ந்தெடுக்கும் வரைபடத்தை முன்வைத்தார். சீராக ஓடிய லாட்டுகளின் பதிவைக்கொண்டு, இன்ன பிக்கிள் பி.எச்.சுக்கு இன்ன சுருங்கு வெப்பநிலை எதிர்பார்க்கலாம் என்று கணக்கிட்டு, எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் புள்ளியாக வைக்க வேண்டும். சாதாரண வரைபடம் எச்சரித்தும் இது அமைதியாக இருந்தால், தேட வேண்டிய இடம் பிக்கிள் டிரம்.

ஒன்றை மறுக்க முடியாது: வரைபடங்கள் பெருகினால் பொய் எச்சரிக்கையும் பெருகும். ஒன்றில் 0.27 சதவீதமாக இருப்பது, ஒன்றையொன்று சாராத பத்தில் சுமார் 2.7 சதவீதமாகும். முக்கியமான நான்கைந்து அளவுகளோடு நிறுத்துவதே சரி.

செலவு என்ற தடையும் நிற்காது. வெட்டிய விளிம்பில் அமிலத்தைக் காட்டும் புரோமோகிரசால் கிரீன் ஒரு சொட்டு விட்டு நிறம் பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே உண்டு. அதோடு ஒரு பி.எச். மீட்டரும் பதிவேடும் சேர்ந்தால் தொடங்கிவிடலாம். குரோம் பதனிட்ட ஈரத் தோலான வெட் புளூவை வெளியில் வாங்கும் ஆலைகள், லாட் எண்ணுடன் அதன் பிக்கிள் பதிவையும் கேட்டு வாங்க வேண்டும்.