படிப்பை விட்டவன் கதையும் ஒரு சிப்பும்

எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் நேற்றும் வந்தது. பில் கேட்ஸ், ஸ்டீவ் ஜாப்ஸ், மார்க் ஸக்கர்பர்க் மூவரும் சிரிக்கிறார்கள். கீழே, "இவர்கள் யாரும் டிகிரி முடிக்கவில்லை". பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளின் அப்பாக்களே நாலைந்து பேர் கைதட்டியிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. குழுவில் எழுதினால் சண்டையாகும், இங்கே எழுதுகிறேன்.

இஸ்ரேலில் 'ராம் மெமரி டெக்னாலஜிஸ்' என்றொரு ஸ்டார்ட்அப் இருக்கிறது. 2021-ல் தொடங்கியது. அது என்ன செய்கிறது?

பிராசஸர் சிப்புக்குள்ளேயே ஒரு நினைவகம் உண்டு. கடையில் வாங்கிப் போடும் ரேம் வேறு, இது வேறு. பெயர் எஸ்ரேம். 0 அல்லது 1, அந்த ஒரே ஒரு பிட்டை வைத்துக்கொள்ள இதற்கு 6 டிரான்சிஸ்டர் வேண்டும். பல சிப்களில் பாதி இடத்துக்கு மேல் இதுவே அடைத்துக்கொள்கிறது. சும்மா இருக்கும்போதும் மின்சாரம் கசிகிறது.

டிரான்சிஸ்டர்தான் வரவரச் சிறியதாகிறதே, இதுவும் சுருங்காதா என்பீர்கள். தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் 5 நானோமீட்டர் முறையில் ஒரு எஸ்ரேம் செல் 0.021 சதுர மைக்ரான். அடுத்து வந்த 3 நானோமீட்டர் 'என்3இ' முறையிலும் அதே 0.021! கணக்குப் போடும் பகுதி சுருங்கியது. நினைவில் வைக்கும் பகுதி அப்படியே நின்றுவிட்டது.

ராம் நிறுவனம் கையில் எடுத்தது 'கெய்ன் செல்'. இரண்டு மூன்று டிரான்சிஸ்டரிலேயே ஒரு பிட். எஸ்ரேமுக்கு ஆகும் இடத்தில் பாதி போதும், மின்செலவும் பத்தில் ஒரு பங்கு வரை குறையும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. ஆலையில் வழக்கமான தயாரிப்பு முறையே போதுமாம்.

யோசனை புதிதா? இல்லை. 1970-ல் இன்டெல் விற்ற 1103 மெமரி சிப்பிலேயே ஒரு பிட்டுக்கு 3 டிரான்சிஸ்டர்தான். சிக்கல் என்னவென்றால், ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி மின்னூட்டம் வடிந்துவிடும். வடிவதற்குள் படித்து மறுபடி எழுத வேண்டும். டிரான்சிஸ்டர் சிறியதாக ஆக இந்தத் தொல்லை கூடும்.

அதை அடக்க ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தது யார்? இஸ்ரேலின் பார் இலான் பல்கலைக்கழகமும் சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல் பல்கலைக்கழகமும். அலெக்சாண்டர் ஃபிஷ், ஆதம் டெமன், ஆந்திரியாஸ் பர்க் மூவரும் பேராசிரியர்கள். தலைமை நிர்வாகி ராபர்ட் கிட்டர்மன் முனைவர் பட்டம் பெற்றவர். இவர்கள் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைப் பற்றிப் புத்தகமே போட்டது 2018-ல். கம்பெனி அதற்கும் 3 ஆண்டு கழித்து!

மென்பொருளை வீட்டு மேசையில் எழுதலாம். சிப் அப்படியல்ல. ஒரு சோதனை சிப் அடித்துப் பார்க்கவே மாதக்கணக்காகும், பணம் தண்ணீராய்ப் போகும். இன்னொன்று. கேட்ஸும் ஸக்கர்பர்க்கும் விட்டது ஹார்வர்டை. அங்கே நுழையும் அளவுக்குப் படித்துவிட்டுத்தான் விட்டார்கள். அதை அந்தப் படம் சொல்லாது.

"டிகிரி வாங்கியவனெல்லாம் சாதித்தானா சார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இல்லைதான். ராம் நிறுவனமும் ஜெயித்துவிட்டதாக நான் சொல்லவில்லை. எஸ்ரேமை இடம்பெயர்ப்பது லேசான காரியமல்ல. காகிதத்துக்காக நான் வாதாடவில்லை. ஒரே கேள்வியோடு வருஷக்கணக்காக உட்காரும் பொறுமைக்காகவும், அதற்கு இடமும் சம்பளமும் தரும் ஆய்வகத்துக்காகவும் வாதாடுகிறேன். படிப்பை விட்டவன்தான் ஜெயித்தான் என்று பிள்ளையிடம் சொல்லும்போது அந்தப் பொறுமையில்தான் முதலில் மண்ணைப் போடுகிறோம்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த வாத்தியார், பொறியாளன் அல்ல. ஆனால் வாய்ப்பாட்டைத் தாண்டிக் குதித்த பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று பார்த்தவன்.

அடுத்த முறை அந்தப் படம் வந்தால், பகிருமுன் ஒன்று கேளுங்கள்: அதைக் காட்டும் போனுக்குள் இருக்கிற சிப்பைச் செய்தவர்கள் எத்தனை வருஷம் படித்தார்கள்?